போக்குவரத்தும் போக்குவரவும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து தள்ளிப்போட்ட விஷயம் இது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

தமிழ்நாட்டில் போக்குவரத்து என்றால் பஸ், ரயில், ஆள் நடமாட்டம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதை ஒட்டினாற்போல இன்னொரு சொல் உண்டு: போக்குவரவு. நிலம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறினால், வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் பழைய பெயரை மாற்றிப் புதுப் பெயரை ஏற்றுவார்கள். தமிழ்நாட்டில் பட்டா மாற்றம் என்பார்களே, அதற்குக் கேரளத்தில் போக்குவரவு என்று பெயர். ஒன்றில் ஆள் போய்வருகிறான், மற்றதில் நிலம் போய்வருகிறது.

நான் வங்கிக்காரன். அடமானத்துக்கு வரும் ஆவணங்களைப் படித்துப் படித்து மண்டையில் ஏறிப்போன சொற்கள் இவை. படித்தது பி.காம். வரலாறு எனக்குப் பாடமில்லை, ஆர்வம்தான். ஆனால் ஒரு விஷயம் தொழிலில் தினமும் கண்ணில் படும். ஓர் இடத்துக்கு ரோடோ ரயிலோ வருகிறது என்றால் பக்கத்து நிலத்தின் மதிப்பு ஏறும். ரோடு போட்ட பணம் ஊர்ப் பணம். ஏறிய மதிப்பு யாருக்குப் போகிறது? போக்குவரவுப் பதிவேட்டில் பெயர் உள்ளவனுக்கு. பெயர் இல்லாதவன் அதே தெருவில் ஐம்பது வருஷம் இருந்திருந்தாலும், அவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாடகை உயர்வு, இல்லாவிட்டால் 'காலி பண்ணு'.

எங்கள் ஊர்ச் சாலையின் கதையை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தப் பதிவு.

ஊர் எது என்று கேட்பவர்களுக்கு: கொல்லயில். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே உள்ள பஞ்சாயத்து. எங்களுக்கான ரயில் நிலையம் தனுவச்சபுரம். இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே போனால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு ஆரம்பம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்துக்குப் போயின. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டது. கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் வீட்டில் தமிழும் வில்லேஜ் ஆபீஸில் மலையாளமுமாக இருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ரோடு

திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, நாகர்கோவில் என்று போகும் சாலைதான் எங்கள் வாழ்க்கை. பொதுச் சாலைகள் எல்லா ஜாதியாருக்கும் பொது என்று திருவிதாங்கூர் அரசு 1865இலேயே அறிவித்துவிட்டது. காகிதத்தில் மட்டும். நடைமுறையில் புலையர் முதலிய ஜாதியினர் சாலையில் இறங்கினால் அடி விழும்.

இதை மாற்றியவர் எங்கள் தாலுகாக்காரர். நெய்யாற்றின்கரை தாலுகா வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி. 1893இல் அவர் ஒரு வில்லுவண்டி வாங்கினார். வில்லுவண்டி என்பது அந்தக் காலத்தில் மேல்ஜாதிக்காரர்கள் சவாரி போகிற மாட்டுவண்டி. தலைப்பாகை கட்டி, மேல்துண்டு போட்டு, அந்த வண்டியில் பொதுச் சாலையில் போனார். தடுக்க வந்தார்கள், அவர் திரும்பிப் போகவில்லை. சில வருஷம் கழித்து பாலராமபுரம் சாலியத் தெருவில் பெரிய கைகலப்பே நடந்தது.

அய்யன்காளியை வண்டியோடு நிறுத்திவிடுகிறோம். சிலையும் அப்படித்தான் மனதில் நிற்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததையும் பாருங்கள். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். பிறகு ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபையில் அவர் கேட்டவற்றில் முக்கியமானது, தம் மக்களுக்குக் குடியிருக்கவும் பயிர் செய்யவும் அரசு நிலம். ரோட்டில் நடக்கும் உரிமை மட்டும் போதாது, ரோட்டுக்குப் போய்ச் சேர ஒரு வாசல் சொந்தமாக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பொருளாதாரப் புத்தகமும் படிக்காமல் தெரிந்துகொண்டது அது.

பிறகு பஸ்

கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர். பதினைந்து மாதம் கழித்து, 1938 பிப்ரவரி 20 அன்று, சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற ஆங்கிலேயரை வரவழைத்துப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து காமர் சேசிஸ் வாங்கி பஸ் கட்டினார்கள். இன்றைய கே.எஸ்.ஆர்.டி.சி.க்கு (அந்தப் பெயரும் அமைப்பும் 1965இல் வந்தது) மூலம் அதுதான். அரசு முதலில் எடுத்துக்கொண்ட பாதை எது தெரியுமா? திருவனந்தபுரம் - கன்னியாகுமரி. அதாவது எங்கள் ரோடு!

பஸ் வந்தால் என்ன ஆகும்? பஸ் நிற்கிற இடம் ஜங்ஷன் ஆகும். ஜங்ஷனில் டீக்கடை, ஜவுளிக்கடை, சிட்டி கம்பெனி, பிறகு வங்கி. எங்கள் பக்கத்தில் எந்த ஜங்ஷனில் நின்று பார்த்தாலும் இந்த வரிசை தெரியும். கடை கட்டியவர்கள் யார்? ரோட்டு ஓரத்தில் ஏற்கெனவே விளை வைத்திருந்தவர்கள். பனை ஏறுகிறவனும் பாய் முடைகிறவளும் அதே விளையின் ஒரு மூலையில், விளைக்காரர் தயவில், ஓலைக் குடிசையில் இருந்தார்கள். அவர்களும் பஸ் ஏறினார்கள். ஆனால் பஸ்ஸால் ஏறிய நில மதிப்பில் அவர்களுக்கு ஒரு சல்லிக்காசு இல்லை.

எங்கள் பாட்டா பனையேறி. நான் சொல்லும் மூலைக் குடிசையில்தான் அப்பா பிறந்தார்.

பத்து சென்ட்

இப்போது வருவதுதான் கதையின் திருப்பம். ரோட்டு இலாகாவோ பஸ் இலாகாவோ செய்ததில்லை இது.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1963இல் வந்தது. அதற்கு 1969இல் செய்த திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அடுத்தவர் நிலத்தில், அவர் அனுமதியோடு குடிசை போட்டு இருப்பவருக்குக் 'குடிகிடப்புகாரர்' என்று பெயர். அந்தக் குடிசையையும் சுற்றியுள்ள நிலத்தையும் விலைக்கு வாங்கும் உரிமையைச் சட்டம் அவருக்குக் கொடுத்தது. எவ்வளவு நிலம்? பஞ்சாயத்தில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட். விலை? சந்தை விலையில் கால் பங்கு. விளைக்காரர் உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருந்தால் அரைக்கால் பங்கு. அதிலும் ஒரு பகுதியை அரசு நிதி தாங்கும், மிச்சத்தைத் தவணையில் கட்டலாம்.

இது சும்மா வந்ததில்லை. 1970 ஜனவரியில் விவசாயத் தொழிலாளர்கள் தாங்களே பத்து சென்டை அளந்து வேலி கட்டிய போராட்டம் நடந்தது. பலர் ஜெயிலுக்குப் போனார்கள். அச்சுத மேனன் அரசு சட்டத்தை அமல்படுத்தியது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முதல்முறையாகப் பதிவேட்டில் பெயர் ஏறியது.

ஒரு வங்கிக்காரனாக இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது நான் வியப்பது அந்த 3, 5, 10 கணக்கை. நகரத்தில் நிலம் விலை கூடுதல், அதனால் அளவு குறைவு. ஆனால் நகரத்தில் உள்ளவனை 'நீ வெளியே போ, அங்கே பத்து சென்ட் தருகிறேன்' என்று சட்டம் சொல்லவில்லை. இருக்கிற இடத்திலேயே 3 சென்ட். நல்ல இடத்தில் ஏழை இருக்கக்கூடாது என்ற எண்ணம் அதில் இல்லை.

குறை இல்லாமலில்லை. தகுந்த காரணம் காட்டி, குடிசையைத் தன் நிலத்தின் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்ல விளைக்காரருக்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. எங்கள் பாட்டாவுக்கு அப்படித்தான் ஆனது. குடிசை இருந்தது ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். பட்டயம் கிடைத்தது பின்பக்கச் சரிவில். முன்பக்கம் இன்று கடைவரிசை. தோட்டங்களுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு உழுத வயல் கிடைக்கவில்லை, குடிசை மண்தான் கிடைத்தது. 1972இல் வந்த லட்சம் வீடு காலனிகளும் பல இடங்களில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித்தான் அமைந்தன.

இருந்தாலும் பத்து சென்ட் பத்து சென்ட்தான். அதற்கு அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள்.

ரயில்

கொல்லத்திலிருந்து ரயில் 1918இல் திருவனந்தபுரம் சாக்கைக்கு வந்தது. 1931இல் தம்பானூர் வரை, நகரத்தின் நடுவுக்கு வந்தது. அங்கேயே 47 வருஷம் நின்றுவிட்டது. தெற்கே ஒரு அடி நகரவில்லை. கன்னியாகுமரி பாதைக்கு 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1979 ஏப்ரலில் ரயில் ஓடியது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை என்று எங்கள் பக்கத்துக்கு நிலையங்கள் வந்தன.

தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் 1970. ரயில் 1979. ரயில் வந்து நில விலை ஏறியபோது பனையேறியின் பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தது. வரிசை மாறி, முதலில் ரயில் வந்து அப்புறம் சட்டம் வந்திருந்தால், விலை ஏறிய மண்ணை விளைக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

அப்பா அந்தப் பட்டயத்தைச் சொசைட்டியில் ஈடு வைத்து ஓலைக் குடிசையைச் செங்கல் வீடாக்கினார். அக்காவின் கல்யாணமும் அதே காகிதத்தில்தான் நடந்தது. நான் தனுவச்சபுரத்திலிருந்து சீசன் டிக்கெட்டில் திருவனந்தபுரம் போய்ப் படித்தேன், பரீட்சை எழுதினேன், வங்கியில் சேர்ந்தேன். இது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ரயிலும் பட்டயமும் சேர்ந்து இருந்ததால்தான் இது நடந்தது. ரயில் மட்டும் இருந்து பட்டயம் இல்லாமல் போயிருந்தால் நாங்கள் எங்கே போயிருப்போம் என்பதை வேறு ஊர்களில் பார்த்துவிட்டேன்.

சட்டம் இல்லாத இடத்தில் ரயில் வந்தால்

சென்னையைப் பாருங்கள். பறக்கும் ரயில் 1995இல் கடற்கரை - சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2007இல் வேளச்சேரி. பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகிறது. அந்தக் கால்வாய்க் கரைகளில் தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர்கள் வீட்டுவேலைக்கும் சுமை தூக்கவும் நடந்தே போய்வந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கால்வாய்க் கரை, ஆற்றங்கரை மக்களை 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ரயில் வந்த இடத்திலிருந்து ரயில் இல்லாத இடத்துக்கு. வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வீடு கிடைத்தது, வேலை போயிற்று என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! இப்போது அதே பழைய மகாபலிபுரம் சாலையில், துரைப்பாக்கம் வழியாக, மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. ரயில் அவர்களைத் தேடி வருகிறது. வந்தபிறகு அவர்களால் அங்கே இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நான் இப்போது இருக்கும் மும்பையில் கதை வேறு மாதிரி. இங்கே லோக்கல் ரயில் தண்டவாளத்துக்குச் சில அடி தள்ளி ஆயிரக்கணக்கான குடிசைகள் இருந்தன. ரயில் மெதுவாகத்தான் போக முடியும். 2000 பிப்ரவரியில் ஹார்பர் லைன் ஓரத்துக் குடிசைகளை ரயில்வே இடித்தபோது பெரிய கொந்தளிப்பு. அப்போது முன்னால் நின்றவர்களில் ஒருவர் நம்ம ஆள், ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மான்கூர்டு பக்கம் ஜனதா காலனியில் வாழ்ந்து, 1976இல் அந்தக் காலனியே இடிக்கப்பட்டு சீத்தா கேம்புக்குத் தள்ளப்பட்டவர். குடிசைவாசிகளின் தேசியக் கூட்டமைப்பை அவர்தான் கட்டினார். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ, 2018இல் காலமானார்.

அவரும் தோழர்களும் செய்த வேலை ஒரு வங்கிக்காரனுக்கு உடனே புரியும். அரசுக்கு முன்னால் தாங்களே கணக்கெடுத்தார்கள். எத்தனை குடிசை, எத்தனை பேர், எத்தனை வருஷமாக. பதிவேடு இல்லாதவர்கள் தங்களுக்கு ஒரு பதிவேடு எழுதிக்கொண்டார்கள்! மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்கு உலக வங்கி 2002இல் கடன் கொடுத்தபோது, கணக்கில் உள்ள குடும்பத்துக்கு நிலப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்காமல் 225 சதுர அடி வீடு என்பது விதியாக இருந்தது.

ஆனாலும் அந்த வீடுகள் பல எங்கே கட்டப்பட்டன? மான்கூர்டு, வாஷி நாகா பக்கம், கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி. வெளிச்சமும் காற்றும் போதாமல் காசநோய் பரவுவதாக ஆய்வுகளே வந்தன. கணக்கெடுப்பு வீட்டை வாங்கித் தந்தது, நல்ல இடத்தை வாங்கித் தரவில்லை. எங்கள் பாட்டாவின் பின்பக்கச் சரிவு ஞாபகம் வருகிறதா?

இனி நம்ம ஊருக்கு

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், திருவனந்தபுரத்துக்கு மெட்ரோ. பத்து வருஷத்துக்கு மேலாகப் பேச்சாகவே இருந்தது. 2025 நவம்பரில் மாநில அரசு ஒரு பாதைக்கு ஒப்புதல் கொடுத்தது: பாப்பனங்கோட்டில் தொடங்கி ஈஞ்சக்கல் வரை, 31 கிலோமீட்டர். பாப்பனங்கோடு எங்கள் ரோட்டில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், கரமனை - களியக்காவிளை சாலை அகலப்படுத்தும் வேலை பல கட்டமாகப் பல வருஷம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

சாலைக்கு நிலம் எடுக்கும்போது 2013ஆம் வருஷச் சட்டப்படி, வாடகைக்கு இருப்பவரும் அந்த இடத்தை நம்பிப் பிழைப்பவரும், மூன்று வருஷம் அங்கே இருந்திருந்தால், 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். அது நல்ல முன்னேற்றம். ஆனால் பெரிய தொகை நிலத்துக்குத்தான், அது ஆதாரத்தில் பெயர் உள்ளவருக்கு. நாற்பது வருஷம் ஒரே கடையில் தையல் மிஷின் போட்டிருந்தவருக்கு வருவது அதில் ஒரு சிறு துண்டு. அகலமான ரோட்டில் புதுக் கடை கட்டியதும் புது வாடகை அவரால் கொடுக்க முடியாது.

மெட்ரோவுக்கு இன்னொரு விஷயம் உண்டு. மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கைப்படி, மெட்ரோவால் ஏறும் நில மதிப்பில் ஒரு பங்கை வரியாகவோ கட்டணமாகவோ திரும்ப எடுத்து மெட்ரோ செலவுக்குப் பயன்படுத்தும் வழியை மாநிலங்கள் யோசிக்க வேண்டும். அதாவது, ஊர்ப் பணத்தால் ஏறிய மதிப்பில் ஊருக்கும் பங்கு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்டாயிற்று! அப்படியானால் அந்தப் பங்கு முழுக்கக் கடன் அடைக்கத்தானா? அதில் ஒரு பகுதியை நிலையத்துக்கு நடை தூரத்தில் குறைந்த வாடகை வீடும் கடையும் கட்ட ஒதுக்கினால் என்ன? பாதையில் தூண் நடுவதற்கு முன்னாலேயே வாடகைக்காரர்களைக் கணக்கெடுத்தால் என்ன?

இது புதுமையான கோரிக்கை இல்லை. நகரத்தில் 3 சென்ட், அதுவும் இருக்கிற இடத்திலேயே, என்று 1970இல் இதே மாநிலம் சட்டம் போட்டது. அன்று குடிகிடப்புகாரர். இன்று வாடகைக்காரர், தள்ளுவண்டிக்காரர், அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம் ஊரில் கட்டட வேலை செய்து ஒரே அறையில் எட்டுப் பேர் படுப்பவர். பெயர் மாறியிருக்கிறது, மூலைக் குடிசை மாறவில்லை. 1970ஐயும் 1979ஐயும் போல, இந்த முறையும் உரிமை முன்னாலும் ரயில் பின்னாலும் வர வேண்டும். ரயில் வந்தபிறகு யோசித்தால் அந்த மண்ணை வாங்க அரசுக்கே கட்டுப்படியாகாது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டிலும் 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் உங்கள் தாத்தா பாட்டிக்கு அதன்படி பட்டா கிடைத்ததா? ரோட்டோரத்தில் கிடைத்ததா, பின்பக்கம் கிடைத்ததா? வீட்டுப் பெட்டியில் பழைய காகிதம் இருந்தால் எடுத்துப் பார்த்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பெயர், சர்வே நம்பர் எல்லாம் வேண்டாம். வருஷமும் எத்தனை சென்ட் என்பதும் போதும்.